பூனையை எரித்துவிட்ட ஜான் கென்ட்: சூப்பர்ஹீரோ வீட்டுப் பிள்ளைகள் நிதானமாக வளரும் காமிக்ஸ் எது?

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்கே படித்துவிட்டுப் போவேனே தவிர எழுதியதில்லை. இப்போது உங்கள் உதவி வேண்டும். கொஞ்சம் நீளமாகச் சொன்னால்தான் புரியும்.

என் மகளுக்கு ஒன்பது வயது. அவள் தம்பிக்கு இன்னும் ஒரு வயது முடியவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அவன் தவழ்ந்து தவழ்ந்து கட்டில் விளிம்புக்கே வந்துவிட்டான். நான் அடுத்த அறையில் இருந்தேன். இவள்தான் பார்த்து ஓடிப்போய் பிடித்திருக்கிறாள். அகப்பட்டது அவன் கை மட்டும். உடம்பு கீழே நழுவ, இவள் விடாமல் மேலே இழுத்திருக்கிறாள். பிள்ளை தரையில் விழவில்லை. ஆனால் முழங்கை மூட்டு பிசகிவிட்டது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். சின்னக் குழந்தைகளுக்குக் கையைப் பிடித்து இழுத்தால் இப்படி ஆவது சகஜம் என்று சொல்லி, ஒரே நிமிடத்தில் சரிசெய்து அனுப்பினார். அன்று சாயங்காலமே அவன் அந்தக் கையால் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

இவள்தான் இன்னும் சரியாகவில்லை. அன்றிலிருந்து தம்பியைத் தொடுவதே இல்லை. அவன் இவளைப் பார்த்துத் தவழ்ந்து வந்தால் எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறாள். நாங்கள் யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாளோ என்று இப்போது தோன்றுகிறது.

இந்த நிலைமையில்தான் நூலகத்திலிருந்து 2016ஆம் ஆண்டு தொடங்கிய சூப்பர்மேன் தொடரின் முதல் தொகுப்பை எடுத்து வந்தாள். பீட்டர் டொமாசியும் பேட்ரிக் க்ளீசனும் செய்தது. சூப்பர்மேனாகிய க்ளார்க், மனைவி லோயிஸ், பத்து வயது மகன் ஜான் மூன்று பேரும் ஸ்மித் என்ற பெயரில் ஒரு பண்ணை வீட்டில் மறைந்து வாழ்கிறார்கள். முதல் இதழிலேயே அந்தக் காட்சி வருகிறது. ஜானின் பூனை கோல்டியை ஒரு பருந்து கவ்விக்கொண்டு பறக்கிறது. பையன் பதறிப்போய்ப் பார்க்கிறான். அந்தப் பதற்றத்தில் அவன் கண்ணிலிருந்து வெப்பக்கதிர் பாய்கிறது. பருந்தும் போச்சு, பூனையும் போச்சு. அவனுக்கே அப்படி ஒன்று தன் கண்ணில் இருக்கிறது, அது இப்படிக் கிளம்பும் என்று தெரியாது.

மகள் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து என்னிடம் வந்து, "அம்மா, இவன் காப்பாத்தத்தானே பார்த்தான்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப இவன் அப்பா என்ன பண்ணுவார்?" என்றாள். "சேர்ந்து படிக்கலாமா?" என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

நாலு மாதத்தில் அவளாக வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். அதனால் இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். நான் சின்ன வயதில் பேட்மேன் கொஞ்சம் படித்ததோடு சரி. எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். ஜானின் கதை எங்கே போகிறது, எதுவரை கொடுக்கலாம்? இதுபோல சூப்பர்ஹீரோவின் பிள்ளை, தன் பவரே தனக்குப் பிடிபடாமல் தவிக்கும் பிள்ளை, பெரியவர்கள் அதை எப்படித் தாங்குகிறார்கள் என்று சொல்லும் காமிக்ஸ் வேறு உண்டா? பவர் வந்த அன்றைக்கே உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பும் கதைகள் வேண்டாம். நிதானமாக வளர்கிற பிள்ளை வேண்டும்.

---

பழையபெட்டி:

சகோதரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சூப்பர்ஹீரோ வீட்டுப் பிள்ளை என்றால் ஃபிராங்க்ளின் ரிச்சர்ட்ஸிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும். ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற நாலு பேர் சூப்பர்ஹீரோ குழுவின் ரீடுக்கும் சூவுக்கும் மகன். 1968இல் வந்த ஆறாவது ஆண்டு மலரில் பிறந்தான். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் செய்த இதழ். அண்டக் கதிர்கள் ரீட், சூ இருவர் உடம்பையும் மாற்றியிருந்தன. அதே கதிர்வீச்சு சூவின் ரத்தத்தில் இருந்துகொண்டு பிரசவத்தில் தாயையும் பிள்ளையையும் கொல்லப் பார்க்கிறது. அதற்கு மருந்து தேடி ரீடும், குழுவின் மற்ற இருவரான ஜானியும் பென்னும் நெகட்டிவ் ஸோன் என்ற இன்னொரு உலகத்துக்குள் போய், அங்கிருக்கும் வில்லன் அனைஹிலஸிடம் இருந்து அதைப் பிடுங்கி வருகிறார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பையன் பிறக்கும் முன்பே அவன் பவர் அந்த வீட்டுக்குள் ஒரு நோயாகத்தான் வந்து நுழைந்தது. பிற்பாடு ரீட் செய்ததெல்லாம் அந்த முதல் பயத்திலிருந்து வந்தது என்றே நான் படிக்கிறேன்.

அடுத்து அதே தொடரில் 1973 டிசம்பர் தேதியிட்ட 141ஆம் இதழ். ஜெர்ரி கான்வே எழுத்து, ஜான் பஸீமா ஓவியம். சின்னஞ்சிறு ஃபிராங்க்ளினுக்குள் சக்தி ஏறிக்கொண்டே போகிறது. அது வெடித்தால் யாரும் மிஞ்சமாட்டார்கள் என்பது ரீடின் கணக்கு. கடைசியில் அவர் தான் செய்த ஆயுதத்தை மகன் மேலேயே திருப்பி அவன் மனதை அணைத்துவிடுகிறார். பிள்ளைக்கு உயிர் இருக்கிறது, நினைவு இல்லை. பென்னும் ஜானியும் அவரை விட்டு நடந்துவிடுகிறார்கள். சூவுக்கும் அவருக்கும் ஏற்கெனவே இருந்த விரிசல் முறிவு வரைக்கும் போகிறது. குழு அங்கேயே உடைகிறது. பையன் எழுந்து வருவது 150ஆம் இதழில்தான்.

கல்லூரியில் படிக்கும்போது இதைப் படித்தேன். "கணக்கு சரிதானே, வேறு என்ன செய்திருக்க முடியும்?" என்று நண்பனோடு ராத்திரி முழுக்க வாதாடியிருக்கிறேன். பிள்ளை பெற்ற பிறகு எடுத்துப் படித்தபோது வாதம் எழவில்லை. கணக்கு இப்போதும் சரிதான். அந்தக் கணக்கில் பையனுடைய பயத்துக்கு மட்டும் இடமே இல்லை. இந்த இதழை உங்கள் மகளிடம் இப்போது கொடுக்காதீர்கள். நீங்கள் படியுங்கள்.

அதற்குப் பதில் சொன்னது மாதிரி 1982இல் 245ஆம் இதழ் வந்தது. எழுத்தும் ஓவியமும் ஜான் பைர்ன். ஃபிராங்க்ளின் தன் பவரால் தன்னையே ஒரு முழு ஆண்பிள்ளையாக வளர்த்துக்கொள்கிறான். உடம்பு வளர்ந்துவிட்டது, மனது அதற்குத் தயாராகவில்லை என்று அவனுக்கே புரிகிறது. பவருக்குத் தானே தடை போட்டுவிட்டுப் பழையபடி சிறுவனாகத் திரும்பிவிடுகிறான். அப்பா அணைத்ததற்கும் பிள்ளை தானாக 'இப்போது வேண்டாம்' என்று எடுத்து வைப்பதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்! அந்த வீட்டுப் பெரியவர்கள் ஒன்பது வருடம் கழித்துப் பிள்ளையிடம் கற்றுக்கொண்ட பாடம் என்று எனக்கு அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

ஃபிராங்க்ளினிடம் ஒரு சிக்கல், அவன் வளரவே மாட்டான். அவன் பிறந்த வருடத்தில் பிறந்த வாசகர்கள் பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்கள். அவன் ஐம்பது வருடம் கழித்துத்தான் மீசை அரும்பும் வயதைத் தொட்டான். அப்பா அம்மாவுக்கு வயதாகக் கூடாது என்பதற்காக மகனையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது பவர் பேக். 1984இல் லூயிஸ் சைமன்சன் எழுத, ஜூன் பிரிக்மன் வரையத் தொடங்கியது. அலெக்ஸுக்குப் பன்னிரண்டு, ஜூலிக்குப் பத்து, ஜாக்குக்கு எட்டு, கேட்டிக்கு ஐந்து. இவர்களுடைய அப்பா அம்மா சாதாரண மனிதர்கள், பிள்ளைகளுக்குப் பவர் இருப்பதே தெரியாது. ஆகவே நீங்கள் கேட்ட வகைக்குள் நேராக வராது. ஆனால் 17ஆம் இதழில் ஃபிராங்க்ளின் இவர்களோடு வந்து சேர்கிறான். பெரியவர்கள் தன்னைக் கவலையோடு பார்க்கும் வீட்டிலிருந்து, தன்னைப் போன்ற பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வருகிறான். அவனுக்குக் கனவில் முன்கூட்டியே விஷயங்கள் தெரியும். அதனால் 'டாட்டில்டேல்' என்று பெயர் வைக்கிறார்கள், கோள்மூட்டி என்று அர்த்தம். அந்த ஐந்து வயதுக் கேட்டியின் கையில் எதையும் துகளாக்கி உறிஞ்சி, பந்தாக வீசும் சக்தி. அதை வைத்துக்கொண்டு அவள் படும் பாடும், அக்காவும் அண்ணன்களும் அவளைச் சுற்றி இருக்கும் விதமும் உங்கள் மகளுக்குப் புரியும். ஒரு எச்சரிக்கை: 27ஆம் இதழ் எக்ஸ்-மென் கதை ஒன்றோடு பின்னியது, ரத்தம் அதிகம். அதை முதலில் நீங்கள் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

அதிரடி_ரசிகன்:

அக்கா, 'நிதானமாக வளர்கிற பிள்ளை' என்றால் இன்வின்சிபிள்தான். 2003 முதல் 2018 வரை 144 இதழ். ராபர்ட் கிர்க்மன் எழுதியது. சூப்பர்ஹீரோவின் மகன் மார்க் கிரேசனுக்குப் பவர் எப்போது வரும் என்று வீடே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். அவன் பகுதிநேர வேலை பார்க்கும் கடையில் குப்பைப் பையைத் தொட்டியில் போட வீசுவான், அது வானத்துக்குள் போய் மறைந்துவிடும். அந்த ஒரு கட்டத்தில் அவன் முகம்! அங்கிருந்து அவன் தானே ஒரு தகப்பனாகும் வரைக்கும் கதை நிற்காமல் போகும். யாரையும் ஒரே வயதில் கட்டிப்போடவில்லை.

---

பழையபெட்டி:

தம்பி, மிக நல்ல தொடர். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கா? அப்பா யார் என்று தெரியவரும் இடத்துக்குப் பிறகு வரும் அடிதடியை ஒருமுறை நினைத்துப் பார்.

---

அதிரடி_ரசிகன்:

உண்மைதான் அண்ணா, வயதை யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அக்கா, அதை மகளிடம் கொடுக்காதீர்கள். நீங்கள் படியுங்கள். மார்க்கின் அம்மா டெபிக்காகவாவது படியுங்கள். பவர் இல்லாத ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான்.

---

ஓட்டக்காரி:

எனக்கு உடனே பார்ட் ஆலன் ஞாபகம்தான் வந்தது. மின்னல் வேகத்தில் ஓடும் ஃப்ளாஷ் பேரி ஆலனின் பேரன். மார்க் வெய்டும் மைக் வியரிங்கோவும் 1994இல் ஃப்ளாஷ் தொடரில் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே 'இம்பல்ஸ்' என்று தனித் தொடர் வந்தது, வெய்ட் எழுத, ஹம்பர்ட்டோ ராமோஸ் வரைந்தார்.

இவன் கதை விசித்திரமானது. முப்பதாம் நூற்றாண்டில் பிறந்தவன். தாத்தாவின் வேகம் இவன் உடம்பின் வளர்ச்சியிலேயே புகுந்துவிட்டது. இரண்டு வயதில் பன்னிரண்டு வயதுப் பையன் மாதிரி இருப்பான். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க அவனை ஒரு கணினி உலகத்துக்குள் வைத்து வளர்க்கிறார்கள். பாட்டி ஐரிஸ்தான் அவனை நம் காலத்துக்குக் கூட்டி வருகிறார். அப்போது ஃப்ளாஷாக இருந்த வாலி வெஸ்ட் அவனைத் தன் பின்னால் உலகைச் சுற்றி ஓடவிட்டு, அந்த ஓட்டத்தின் உச்சத்தில் உடம்பின் வேகத்தை இயல்புக்குக் கொண்டுவருகிறார். அதற்குப் பிறகுதான் நிஜமான பிரச்சினை ஆரம்பிக்கிறது. விளையாட்டு உலகத்திலேயே வளர்ந்தவன் இல்லையா, அங்கே அடிபட்டால் வலிக்காது, தோற்றால் திரும்பத் தொடங்கலாம். நிஜத்தில் ஆபத்து என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. யோசிப்பதற்கு முன்னால் ஓடிவிடுவான்.

உங்கள் மகளுக்கு நேர் எதிர் என்று நினைப்பீர்கள். அதனால்தான் சொல்கிறேன். அவள் இப்போது ஒன்றைச் செய்வதற்கு முன்னால் நூறு முறை யோசித்து, கடைசியில் செய்யாமலே விட்டுவிடுகிறாள். பார்ட் ஒருமுறைகூட யோசிக்கமாட்டான். அவனை வளர்க்கும் மேக்ஸ் மெர்க்குரி அவனுக்கு அப்பா இல்லை, ஊராருக்கு மாமா. பையனை அடக்கி உட்கார வைப்பது அவர் வேலை இல்லை. ஓடிக்கொண்டே யோசிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் வேலை. பொறுமை இழப்பார், திட்டுவார், அடுத்த நாள் காலை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். மற்றவர்கள் நினைப்பதை நினைவுக்குமிழிக்குள் வார்த்தையாக எழுதுவார்கள். பார்ட்டின் குமிழிக்குள் வெறும் படம்தான் இருக்கும். பயம் என்றால் பயத்தின் படம். ஆசை என்றால் ஆசைப்பட்ட பொருள். வாயால் சொல்லத் தெரியாத பிள்ளைகள் அந்தக் குமிழிகளை உடனே பிடித்துக்கொள்கிறார்கள். நான் பேச்சு தாமதமான குழந்தைகளோடு வேலை செய்பவள். எழுதவும் சொல்லவும் மறுத்த ஒரு பையன், இந்தப் படக்குமிழிகளைப் பார்த்துவிட்டுத் தன் தலைக்கு மேல் வரைந்து காட்டத் தொடங்கினான். எல்லாருக்கும் இது நடக்கும் என்று சொல்லவில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும், "வரை" என்று சொல்லாதீர்கள்.

---

அருவி:

ஜான் எங்கே போகிறான் என்று கேட்டீர்களே, அதைச் சொல்கிறேன். எனக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடிக்கும். அதனால் கோபமும் உண்டு.

டொமாசியும் க்ளீசனும் செய்த சூப்பர்மேன் 45 இதழ், 2018 வரை. தைரியமாகக் கொடுங்கள், சில கதைகளை மட்டும் நீங்கள் ஒரு புரட்டு புரட்டிவிட்டு. உங்கள் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தத் தொடர் முழுக்க இருக்கிறது. க்ளார்க் பையனை வீட்டில் பூட்டி வைப்பதில்லை. தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறார். கிழிந்த ஜீன்ஸும் 'எஸ்' போட்ட சட்டையும் சின்னச் சிவப்பு மேலாடையுமாக அவன் அப்பா பக்கத்தில் நிற்பான். க்ளார்க்கை வளர்த்த ஜோனதனும் மார்த்தாவும் அன்பானவர்கள், ஆனால் கண்ணில் நெருப்பு வந்தால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஜானுக்குக் கிடைத்தது, 'எனக்கும் இப்படித்தான் இருந்தது' என்று சொல்லக்கூடிய அப்பா. நிலாமுற்றம், உங்களுக்கும் உங்கள் மகள் வயதில் இப்படி ஏதாவது நடந்திருக்கும். அதை அவளிடம் சொல்லியிருக்கிறீர்களா?

பக்கத்திலேயே 'சூப்பர் சன்ஸ்' வைத்துக்கொள்ளுங்கள். 2017இல் தொடங்கி 16 இதழ், பிறகு 'அட்வென்ச்சர்ஸ் ஆஃப் தி சூப்பர் சன்ஸ்' என்று 12 இதழ். பத்து வயது ஜானும், பதின்மூன்று வயது டேமியன் வெய்னும். டேமியன் பேட்மேனின் மகன், கிராண்ட் மாரிசன் 2006இல் பேட்மேன் 655ஆம் இதழில் கொண்டுவந்தார். அம்மா தாலியா அவனைக் கொலைகாரர்கள் நடுவே வளர்த்திருக்கிறாள். பவர் எதுவும் கிடையாது, பயிற்சி மட்டும்தான். பவர் இருக்கிற ஜான் பயந்து பயந்து கையைத் தூக்குவான். பவர் இல்லாத டேமியன் பயமே இல்லாமல் பாய்வான். ஜானுக்கு அப்போது பறக்கக்கூட வராது, தாவத்தான் தெரியும். டேமியன் அதைச் சொல்லிச் சொல்லிச் சீண்டுவான். அந்த இரண்டு பையன்களும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்வதைப் படிக்கப் படிக்க மனது நிறையும்.

இங்கே நிறுத்திவிடுங்கள். 2018இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் பொறுப்பேற்ற பிறகு ஜான் தன் தாத்தா ஜோர்-எல்லோடு விண்வெளிக்குப் போகிறான். வழிதவறி எர்த்-3 என்ற வேறு உலகத்தில் சிக்கி, அப்பாவின் முகத்தோடு இருக்கும் அல்ட்ராமேன் அவனை எரிமலைக்குள் வருடக்கணக்கில் அடைத்து வைக்கிறான். திரும்பி வரும்போது அவனுக்குப் பதினேழு வயது. வீட்டில் ஓடியது சில வாரங்கள்தான். லோயிஸும் க்ளார்க்கும் மகனின் ஏழு வருடத்தை இழந்துவிட்டார்கள். நாங்களும் இழந்தோம். அவன் குரல் உடைவது, முதல்முறை தனியாகப் பறப்பது, அப்பாவோடு சண்டை போடுவது எல்லாம் வந்திருக்க வேண்டிய பக்கங்கள். பழையபெட்டி அண்ணன் சொன்ன மாதிரி ஒருவனைச் சிறுவனாகவே நிறுத்தி வைத்தார்கள். இன்னொருவனை ஒரே மூச்சில் பெரியவனாக்கினார்கள். இரண்டிலும் பறிபோவது அந்த நடு வருடங்கள்தான்.

2021இல் டாம் டெய்லர் எழுதிய 'சன் ஆஃப் கல்-எல்' தொடரில் வளர்ந்த ஜான் தனக்கென்று ஒரு இடம் பிடித்தான், அந்தத் தொடரில் எனக்கு மரியாதை உண்டு. 2023இல் அதே எழுத்தாளர் அவனை அல்ட்ராமேனுக்கு எதிரே திரும்ப நிற்கவும் வைத்தார். ஆனால் உங்கள் மகளுக்கு வேண்டியது அந்தப் பத்து வயதுப் பையன். அவனோடு இருக்கட்டும்.

---

மாடவிளக்கு:

மேடே பார்க்கரை யாரும் சொல்லவில்லையே! 1998இல் 'வாட் இஃப்' 105ஆம் இதழில் டாம் டிஃபால்கோவும் ரான் ஃப்ரென்ஸும் கொண்டுவந்த ஸ்பைடர்-கேர்ள். ஸ்பைடர்-மேனாக இருந்த பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் மகள், பதினைந்து வயது. கிரீன் காப்ளினோடு நடந்த கடைசிச் சண்டையில் பீட்டர் ஒரு காலை இழந்து, முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டார். இப்போது போலீஸுக்குத் தடயவியல் வேலை பார்க்கிறார். தாங்கள் யார் என்று மகளிடம் சொல்லவே இல்லை. கூடைப்பந்து ஆட்டத்தின் நடுவேதான் தன் உடம்பில் என்னவோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவருகிறது.

என் அப்பா ஒரு காலத்தில் நல்ல ஓட்டக்காரர். முழங்கால் போன பிறகு அந்தப் பேச்சையே வீட்டில் எடுத்ததில்லை. பதக்கங்களை ஒரு பழைய போர்வைக்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். நான் பள்ளியில் ஓடத் தொடங்கியபோது ஏன் முகம் இறுகிப் போனார் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். மேடேயைப் படித்தபோதுதான், அவர் என்னைப் பார்த்துப் பயப்படவில்லை, எனக்காகப் பயந்தார் என்று புரிந்தது. பீட்டர் மகளைத் தடுப்பார், கத்துவார், கடைசியில் ஒற்றைக் காலோடு தானே கற்றுக்கொடுக்க எழுந்து நிற்பார். மேரி ஜேன் நடுவில் நின்று இரண்டு பேரையும் தாங்குவார். போகப் போக அவளுக்குத் தம்பிப் பாப்பா பென்ஜி பிறப்பான்.

நூறு இதழ் ஓடியது, 2006 வரை. இடையில் நிறுத்தப் பார்த்தபோதெல்லாம் வாசகர்கள் எழுதி எழுதிக் காப்பாற்றினார்கள். உங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும். நீங்கள் இப்போதே தொடங்கலாம்.

---

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரமாகிவிட்டது. தாமதத்துக்கு மன்னியுங்கள். ஏதாவது சொல்லும்படி இருந்தால்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

அருவி, உங்கள் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இல்லை, நான் சொல்லியிருக்கவில்லை. எனக்கு எட்டு வயதில், தங்கை கதவிடுக்கில் விரலை வைத்திருந்தது தெரியாமல் காற்றுக்காகக் கதவைச் சாத்தினேன். அவள் நகம் கறுத்து விழுந்தது. அன்று ராத்திரி நான் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டேன். இதை மகளிடம் சொன்னபோது, "சித்திக்கு நகம் திரும்ப வந்துச்சா?" என்று கேட்டாள். உடனே சித்தியைப் போனில் கூப்பிட்டோம். சித்தி கேமராவில் விரலைக் காட்டி, எந்த விரல் என்றே மறந்துபோச்சு என்றாள். மகள் ஒவ்வொரு விரலாகப் பார்க்கக் கேட்டாள். பத்தையும் பார்த்தாள்.

சூப்பர்மேனில் மூன்று தொகுப்பும் சூப்பர் சன்ஸில் ஒன்றும் முடித்துவிட்டோம். ஜான் பறக்கத் தெரியாமல் தாவித் தாவிப் போகும் இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

ஓட்டக்காரி, இம்பல்ஸ் கிடைத்தது. நீங்கள் சொன்ன மாதிரி நோட்டைப் பக்கத்தில் வைத்தேன், எதுவும் சொல்லவில்லை. ஐந்தாறு நாள் அது அப்படியே கிடந்தது. போன வாரம் ஒரு பக்கத்தில் இரண்டு உருவம் வரைந்திருந்தாள். ஒன்று இரட்டைப் பின்னலோடு நிற்கிறது. அதன் தலைக்கு மேல் குமிழி, குமிழிக்குள் ஒரு சின்னக் கை, கையைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் மின்னல் கோடுகள், காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி. இன்னொன்று தரையில் தவழ்கிற குழந்தை. அதன் குமிழி காலியாக இருந்தது.

நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த இரண்டு நாளும் அவள் தம்பியையே கவனித்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. மூன்றாம் நாள் நோட்டைத் திறந்தேன். காலியாக இருந்த குமிழிக்குள் ஒரு பந்து. அவனுடைய மஞ்சள் பந்து.

அன்று சாயங்காலம் அந்தப் பந்தை அவனை நோக்கி உருட்டிவிட்டாள். அவன் அதை அடித்தான், அது அலமாரிக்கு அடியில் போனது. இவள் படுத்துக் கையை விட்டு எடுத்து மறுபடி உருட்டினாள். இப்போது தினமும் நடக்கிறது. இன்னும் அவனைத் தூக்கவில்லை. நேற்று அவன் தவழ்ந்து வந்து இவள் பாவாடையைப் பிடித்தபோது எழுந்து போகவில்லை.

பழையபெட்டி அண்ணா, பவர் பேக் முதல் தொகுப்பு சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் வந்துவிடும். 27ஆம் இதழை நான் முதலில் படித்துவிடுகிறேன். 141ஐயும் படித்துவிட்டேன், அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.